கால் மைல் சண்டை: மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மஸில் கார் பேச்சு எங்கே எடுத்தாலும் பத்து நிமிடத்தில் சண்டையில்தான் முடியும். எது வேகம், யார் பொய் சொன்னார்கள், அந்தக் காலத்து வண்டி இன்றைக்கு நிற்குமா என்று வரும் கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கும் பிடித்த கம்பெனி ஒன்று உண்டு. பெயரைச் சொல்லப்போவதில்லை, படிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மஸில் கார் என்று எதைச் சொல்கிறோம்?

நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, பெரிய காருக்கென்று செய்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினை அதற்குள் திணித்தால் மஸில் கார். பின்சக்கர இழுவை, கைக்கு எட்டும் விலை, வளைவில் சுமார், நேர் ரோட்டில் பேய்.

1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். அது பிறந்ததே விதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் ரேஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று தடை போட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. போன்டியாக்கில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அந்த விதியை நன்றாகப் படித்தார்கள். புது மாடலுக்குத்தான் கட்டுப்பாடு, கூடுதலாக வாங்கும் ஆப்ஷனுக்கு இல்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல இன்ஜினை 'ஆப்ஷன்' என்று போட்டு விற்றார்கள். முதல் வருடமே 32,450 வண்டி போனது. அவ்வளவு விற்ற பிறகு தலைமை அலுவலகம் என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டது.

மஸ்டாங்கும் கமாரோவும் உடம்பில் இன்னும் சின்னவை, அவற்றை 'போனி கார்' என்று தனியாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிவினை நூலகத்துக்குச் சரி. சிக்னலில் யாரும் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாமே மஸில்தான்.

யாருக்கும் யாருக்கும் சண்டை?

மூன்று வீடு: ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர். ஃபோர்டிடம் மஸ்டாங். ஜெனரல் மோட்டார்ஸிடம் செவர்லே, போன்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல் என்று நான்கு பிள்ளைகள், நான்கும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். க்ரைஸ்லரிடம் டாட்ஜும் பிளைமவுத்தும்; இந்த வீட்டு வண்டிகளை மொத்தமாக 'மோப்பார்' என்பார்கள், அது அந்தக் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவின் பெயர்.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமாகி, ஒரே வருடத்தில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. பதறிப்போன செவர்லே 1966 செப்டம்பரில் கமாரோவைக் கொண்டுவந்தது. 'கமாரோ' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்ட பத்திரிகைக்காரர்களுக்கு, மஸ்டாங்குகளைத் தின்னும் ஒரு சின்ன மூர்க்கமான மிருகம் என்று செவர்லே தரப்பிலிருந்து பதில் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்த பகை.

க்ரைஸ்லர் ஆட்களின் பிரம்மாஸ்திரம் ஹெமி. எரியும் அறையின் கூரை அரைக்கோள வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். 426 கன அங்குலம், ஆள் தூக்க முடியாத எடை. 'யானை' என்றே பட்டப்பெயர். 1964 டேடோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் ஹெமி வண்டிகளே அள்ளின, முதலாவது ரிச்சர்ட் பெட்டி. கடையில் விற்காத இன்ஜினோடு ரேஸுக்கு வரக்கூடாது என்று சச்சரவு எழுந்ததும், 1966-இல் அதைத் தெரு வண்டியிலும் போட்டு விற்றார்கள். இன்றைய கார் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் நம்பவே முடியாது.

ஏன் கால் மைல்? ஏன் ஒரு கிலோமீட்டர் இல்லை?

கால் மைல் என்பது 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் சும்மா கிடந்த விமான ஓடுபாதைகளில் இளைஞர்கள் பழைய வண்டிகளை முறுக்கி ஓட்டினார்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை, அதாவது என்.ஹெச்.ஆர்.ஏ.வைத் தொடங்கி இதற்கு விதிமுறை, பாதுகாப்பு எல்லாம் கொண்டுவந்தார். அதற்கு ரொம்ப முன்னாலேயே அமெரிக்காவில் கால் மைல் குதிரைப் பந்தயம் உண்டு. 'குவார்ட்டர் ஹார்ஸ்' என்ற குதிரை இனத்துக்கே பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

நடைமுறைக் காரணம் எளிது. ஒரு வண்டியின் முழு இழுவையும் தெரிய இவ்வளவு தூரம் போதும், அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க ஓடுபாதையில் மிச்சம் இடமும் இருக்கும்.

ஸ்ட்ரிப்பில், அதாவது அந்தக் கால் மைல் ஓடுபாதையில், என்னதான் நடக்கிறது? நேராகப் போவதில் என்ன திறமை?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி, கொஞ்சம் கிண்டலோடு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மிச்சிகனில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்ற நாளில், வேலியோரம் நின்று பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி முதலில் தண்ணீர் தெளித்த இடத்துக்கு வரும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தை மட்டும் சுழற்றுவார்கள். ஒரே புகை, கருகிய ரப்பர் நாற்றம் தொண்டையில் ஒட்டும். வேடிக்கைக்காகச் செய்வதில்லை, டயர் சூடேறினால் பிசின் மாதிரி ஒட்டும். தரையும் சாதாரணத் தரை இல்லை. பிசுபிசுப்பான ரசாயனம் தெளித்து வைத்திருப்பார்கள். செருப்போடு நடந்தால் கால் தனியாக, செருப்பு தனியாக வரும்.

பிறகு இன்ச் இன்ச்சாக நகர்ந்து கோட்டுக்கு வரும். கோடு என்றால் பெயிண்ட் கோடு இல்லை, தரைக்குச் சற்று மேலே ஓடும் ஒளிக்கற்றை. முன் டயர் முதல் கற்றையை மறைத்தால் மேலே ஒரு சின்ன விளக்கு, இரண்டாவதை மறைத்தால் இன்னொன்று. எதிரே 'கிறிஸ்துமஸ் மரம்' என்று அழைக்கப்படும் விளக்குக் கம்பம், 1963-இலிருந்து இருக்கிறது. மூன்று மஞ்சள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து, பச்சை விழும். பச்சைக்கு முன்னால் கிளம்பினால் சிவப்பு, கதை முடிந்தது. பச்சையைப் பார்த்த பிறகு கிளம்பினாலும் கதை முடிந்த மாதிரிதான். அனுபவசாலிகள் கடைசி மஞ்சளிலேயே காலை அழுத்திவிடுவார்கள்.

ஓடி முடித்துத் திரும்பி வரும் வழியில் ஒரு சின்ன அறை ஜன்னலில் துண்டுச் சீட்டு தருவார்கள். பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் நீளம். அதைத்தான் 'ஸ்லிப்' என்கிறோம். 12.41 வினாடியில் ஓடிய ஒரு வண்டியின் சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ரியாக்‌ஷன் 0.187, 60 அடி 1.95, எட்டில் ஒரு மைல் 7.95, கால் மைல் 12.41, வேகம் மணிக்கு 112 மைல்.

இதில் எல்லாரும் பார்ப்பது கால் மைல் நேரத்தை. விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது 60 அடி நேரத்தை. அது டயரும் ஓட்டுநரின் காலும் செய்த வேலை. அங்கே பத்தில் ஒரு வினாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் ஒன்றரை, இரண்டு பங்காகத் திரும்பக் கிடைக்கும். கடைசியில் இருக்கும் வேகம் இருக்கிறதே, அது இன்ஜினின் வாக்குமூலம். கடைசி 66 அடியில் எடுக்கும் சராசரி அது. கிளம்பும்போது சக்கரம் சுழன்று சொதப்பினால் நேரம் கெட்டுப்போகும், வேகம் அவ்வளவாகக் கெடாது. ஆகவே ஒருவர் நேரம் மோசம், வேகம் ஜோர் என்றால் வண்டி நல்ல வண்டி, ஆள்தான் சரியில்லை.

வேகமான வண்டி தோற்க முடியுமா?

தாராளமாக. மேலே சொன்ன கால் மைல் நேரத்தின் கடிகாரம், பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் ஓடும். பச்சைக்கும் நகர்வுக்கும் நடுவில் தூங்கிய நேரம் தனிக்கணக்கு, சீட்டில் ரியாக்ஷன் என்று இருப்பது அதுதான்.

ஒரு வண்டி 11.50 ஓடுகிறது, ரியாக்‌ஷன் 0.080. கூட்டினால் 11.58. பக்கத்து வண்டி 11.40 ஓடுகிறது, ஆனால் ஓட்டுநர் 0.220 தூங்கிவிட்டார். கூட்டினால் 11.62. பத்தில் ஒரு வினாடி வேகமான வண்டி ஏழடி பின்னால் வந்து தோற்றது. இதை 'ஹோல்ஷாட்' என்பார்கள். தோற்றவர் அன்று ராத்திரி தூங்க மாட்டார்.

ஜி.டி.ஓ. ஃபெராரியை முந்தியது உண்மையா?

பெயரைக் கடன் வாங்கியது உண்மை. ஜி.டி.ஓ. என்பது ஃபெராரியின் ரேஸ் காருக்கு இருந்த பெயர். 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இரண்டையும் அட்டையில் போட்டு, நேர் ரோட்டில் போன்டியாக்தான் ராஜா என்று எழுதியது. நாடே அதைப் பற்றிப் பேசியது.

பல வருடம் கழித்து, போன்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் உண்மையை ஒப்புக்கொண்டார். பத்திரிகைக்குக் கொடுத்த வண்டியில் இருந்தது 389 இல்லை, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாத 421 கன அங்குல இன்ஜின். ஆக, மஸில் கார் வரலாற்றின் முதல் பெரிய வெற்றியே கலப்படம். எனக்கு இதில் கோபம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது.

அந்தக் காலத்துக் குதிரைத்திறன் கணக்கை நம்பலாமா?

நம்பாதீர்கள். கூட்டியும் சொன்னார்கள், குறைத்தும் சொன்னார்கள், இரண்டுக்கும் காரணம் இருந்தது.

கூட்டிச் சொன்னது அளக்கும் முறையால். 1971 வரை இன்ஜினைத் தனியாகக் கழற்றி மேடையில் வைத்து, ஏர் ஃபில்டர் இல்லாமல், சைலன்சர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல் அளந்தார்கள். 1972-இல் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் 'நெட்' முறை வந்ததும் எண்கள் சரிந்தன. செவர்லே கார்வெட்டின் எல்டி-1 இன்ஜின் 1970-இல் 370 குதிரைத்திறன். சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதத்தைக் குறைத்ததால் 1971-இல் 330. அளக்கும் முறை மாறியதும் 1972-இல் 255. இரண்டே வருடத்தில் நூற்றுக்கு மேல் காணாமல் போனது, அதில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும்.

குறைத்துச் சொன்ன கதை இன்னும் சுவாரசியம். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கைப் பாருங்கள். ரோட் ஐலண்டில் பாப் டாஸ்கா என்ற ஃபோர்டு டீலர், ஷோரூமில் விற்கும் மஸ்டாங் செவர்லேயிடம் உதை வாங்குகிறது என்று தலைமை அலுவலகத்தைக் குடைந்துகொண்டே இருந்தார். ஃபோர்டிடம் ஏற்கெனவே இருந்த பாகங்களையே கூட்டிச் சேர்த்து ஒரு வண்டி செய்து காட்டினார். அதைப் பார்த்து ஃபோர்டு செய்ததுதான் கோப்ரா ஜெட். 1968 பிப்ரவரியில் பொமோனா ஸ்ட்ரிப்பில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் ஆல் ஜோனியெக் அந்த வண்டியில் சூப்பர் ஸ்டாக் பட்டத்தைத் தட்டிச் சென்றார். காகிதத்தில் அதற்கு 335 குதிரைத்திறன். ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

ஏன் குறைக்க வேண்டும்? ஒன்று, ரேஸில் எடையையும் அறிவித்த குதிரைத்திறனையும் வகுத்துத்தான் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். எண்ணைக் குறைத்தால் நோஞ்சான்களோடு மோதலாம். என்.ஹெச்.ஆர்.ஏ.வும் லேசுப்பட்டதில்லை, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் தானே ஒரு எண்ணைப் போட்டுவிடும். இரண்டு, இன்சூரன்ஸ். இருபது வயதுப் பையன் 400 குதிரைத்திறன் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் காரின் மாதத் தவணையைத் தொடும்.

இதில் உச்சம் 1967 கார்வெட் எல்88. கையேட்டில் 430. அதைவிடச் சாதுவான இன்னொரு 427 இன்ஜினுக்கு அதே கையேட்டில் 435! தெரியாதவன் 435-ஐ வாங்கட்டும், தெரிந்தவன் கேட்டு வாங்கட்டும் என்பதுதான் திட்டம்.

டீலர்களே வண்டியை மாற்றி விற்றார்களாமே?

ஆமாம், தலைமை அலுவலகம் தடை போட்ட இடத்திலெல்லாம் டீலர்கள் புகுந்தார்கள். பென்சில்வேனியாவில் டான் யென்கோ, சிகாகோவில் 'மிஸ்டர் நார்ம்' என்று அழைக்கப்பட்ட டாட்ஜ் டீலர், லாங் ஐலண்டில் பால்ட்வின்-மோஷன் என்று பெரிய பட்டியல்.

எனக்குப் பிடித்தது இலினாயில் லா ஹார்ப் என்ற குக்கிராமத்தில் இருந்த ஃபிரெட் கிப். போலீஸ் வண்டி, டாக்ஸி போன்றவற்றுக்காக செவர்லே வைத்திருந்த 'கோப்போ' என்ற தனி ஆர்டர் வழியில், முழுக்க அலுமினியத்தில் வார்த்த 427 இன்ஜின் போட்ட கமாரோ 50 வேண்டும் என்று எழுதினார். 1969-இல் வண்டிகள் வந்து இறங்கின. விலைப் பட்டியலைப் பார்த்ததும் மனிதருக்குத் தலை சுற்றியிருக்கும்: இன்ஜினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல். மொத்தம் 7,000-ஐத் தாண்டியது, சாதாரணக் கமாரோ இரண்டு வாங்கலாம். விற்கவில்லை. பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார். எல்லா டீலர்களுக்கும் சேர்த்து மொத்தம் செய்தது 69 வண்டி. இசட்எல்1 என்ற அந்தக் கமாரோவுக்காக இன்றைக்கு ஏலத்தில் கோடிகளில் அடித்துக்கொள்கிறார்கள்.

உட்வர்ட் அவென்யூ என்கிறார்களே, அது என்ன?

டெட்ராய்ட்டின் நடுவிலிருந்து போன்டியாக் நகரம் வரை போகும் அகலமான சாலை. மூன்று கம்பெனிப் பொறியாளர்களும் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். அறுபதுகளில் ராத்திரி நேரம் சிக்னலுக்கு சிக்னல் பந்தயம். பக்கத்தில் வந்து நிற்கும் அமைதியான வண்டிக்குள், இன்னும் கடைக்கு வராத இன்ஜினோடு கம்பெனி ஆளே உட்கார்ந்திருக்கலாம். இப்போது ஆகஸ்டில் 'ட்ரீம் க்ரூஸ்' என்று 1995-இலிருந்து திருவிழா நடக்கிறது. வண்டிகள் ஊர்ந்துதான் போகும், முக்கால்வாசி ஓட்டுநர்களுக்குத் தலை நரைத்திருக்கும்.

அறுபதுகளின் வண்டி இன்றைய வண்டியோடு நிற்குமா?

நிற்காது. இதைச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், என்ன செய்வது.

1970-இல் உச்சம். செவர்லே செவல் எஸ்.எஸ். 454, எல்எஸ்6 இன்ஜின், காகிதத்தில் 450. பியூக் ஜி.எஸ். 455 ஸ்டேஜ் 1, காகிதத்தில் 360 என்று அடக்கமாக எழுதியிருந்தாலும் 510 பவுண்டு-அடி டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை. அந்தப் பியூக்கை அன்றைய பத்திரிகை 13.38 வினாடியில் ஓட்டியது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற மாதிரி தோற்றம், உள்ளே அவ்வளவு ஆத்திரம். 2024 மாடல் வரை விற்ற வி6 டொயோட்டா கேம்ரியே 14 வினாடிச் சொச்சத்தில் ஓடிவிடும், ஏசி போட்டுக்கொண்டு.

குற்றம் இன்ஜின் மேல் இல்லை, டயர் மேல். அன்றைய டயர் அகலம் குறைவு, ரப்பர் கட்டை மாதிரி. காலை முழுசாக வைத்தால் நின்ற இடத்திலேயே புகைதான். அதே பழைய வண்டிக்கு இன்றைய ஒட்டும் டயரைப் போட்டால் ஒரு வினாடிக்குப் பக்கத்தில் குறைவதைப் பலர் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் எல்லாம் செத்துப்போனது?

இன்சூரன்ஸ், 1970-இன் தூய காற்றுச் சட்டம், ஈயமில்லாப் பெட்ரோலுக்காகக் குறைத்த அழுத்த விகிதம். கடைசி அடி 1973 எண்ணெய்த் தடை. ஹெமி 1971-லேயே போய்விட்டது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒன்றுமே இல்லையா?

இருந்தது, எதிர்பாராத வீட்டிலிருந்து. பியூக் மறுபடியும்! 1987-இல் ஜி.என்.எக்ஸ். என்று 547 வண்டி செய்தார்கள். கறுப்பு நிறம் மட்டும், வி8 கூட இல்லை, 3.8 லிட்டர் வி6 இன்ஜினில் டர்போ. காகிதத்தில் 276. பதிமூன்றரை வினாடிக்கு உள்ளே ஓடி, அன்றைய கார்வெட்டுக்கே முகத்தில் கரி பூசியது. பெட்டி மாதிரி இருக்கும், பார்க்க வில்லன் வண்டி.

5.0 லிட்டர் மஸ்டாங் விலை மலிவு, எடை குறைவு, உதிரிபாகம் எல்லா ஊரிலும். அந்தத் தலைமுறைப் பையன்கள் இன்ஜின் வேலை பழகியதே அதில்தான். 1998 கமாரோவில் எல்எஸ்1 இன்ஜின் வந்ததும் ஃபோர்டு பக்கம் இருட்டடித்தது.

1999-இல் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தது. வாங்கியவர்கள் பலத்தை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றிப் பார்த்தால் எண் வரவில்லை. புகார் குவிந்து, விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளையும் வரவழைத்து இன்டேக், சைலன்சர் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். அறுபதுகளில் குறைத்துச் சொல்லித் தப்பித்தார்கள், இந்த முறை கூட்டிச் சொல்லி மாட்டினார்கள். 2003-இல் அதே பெயரில் சூப்பர்சார்ஜரோடு 390 என்று வந்த வண்டி பிராயச்சித்தம் மாதிரி. அதற்கு முந்தைய வருடமே கமாரோ உற்பத்தி நின்றுவிட்டது, பதில் சொல்ல எதிரியே இல்லை.

ஹெல்கேட், டீமன் பற்றிச் சொல்லுங்கள். 9.65 வினாடி உண்மையா?

2008-இல் டாட்ஜின் சேலஞ்சரும், 2010 மாடலாகக் கமாரோவும் திரும்பி வந்ததும் மூன்று வீட்டுச் சண்டை மறுபடி சூடுபிடித்தது. பழைய பெயரிலேயே வந்த புதுக் கமாரோ இசட்எல்1 580 குதிரைத்திறன் என்றால் மஸ்டாங் ஷெல்பி ஜிடி500 662 என்றது. 2015 மாடல் சேலஞ்சர் ஹெல்கேட்டில் டாட்ஜ் 707 என்று போட்டு எல்லார் வாயையும் அடைத்தது. அதற்கு இரண்டு சாவி. கறுப்புச் சாவி போட்டால் 500, சிவப்புச் சாவி போட்டால்தான் முழு பலம். மகனிடம் எதைக் கொடுப்பது என்பது அப்பாவின் பொறுப்பு.

2018 சேலஞ்சர் டீமன் வேறு ஜாதி. அதை 'வேகமான கார்' என்று சொல்வதைவிட, ஸ்லிப்புக்காகவே செய்த கார் என்று சொல்லலாம். பின்னால் பாதி ரேஸ் டயர். டிராக் மோடில் போட்டால் முன் சஸ்பென்ஷன் தளர்ந்து மூக்கு தூக்கும், எடை பின்சக்கரத்தில் உட்காரும். கியர்பாக்ஸைப் பூட்டி வைத்து இன்ஜினை முறுக்கிவிட்டு, பட்டென்று விடுவிக்கும் 'டிரான்ஸ்பிரேக்'. ஏசி குளிரைக் காருக்குள் விடாமல் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கத் திருப்பிவிடும் ஏற்பாடு. எடை குறைக்க பக்கத்து சீட்டையும் பின் சீட்டையும் கழற்றிவிட்டார்கள். வேண்டுமென்றால் ஒரு டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

9.65 வினாடி, 140 மைல்: என்.ஹெச்.ஆர்.ஏ. சான்றளித்த எண், பொய் இல்லை. ஆனால் அடிக்குறிப்பைப் படியுங்கள். பசை தெளித்த ஸ்ட்ரிப், 840 குதிரைத்திறன் தரும் ரேஸ் பெட்ரோல். பங்க்கில் போடும் பெட்ரோலில் 808. அப்புறம், 0–60 மைல் 2.3 வினாடி என்பதில் 'ரோல்அவுட்' ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ரிப்பில் முன் டயர் ஒளிக்கற்றையை விட்டு வெளியே வர வண்டி சுமார் ஓரடி நகர வேண்டும். அதுவரை கடிகாரம் ஓடாது. அந்த இலவச ஓரடியைக் கழித்த நேரம்தான் அது. இதை டாட்ஜ் மட்டும் செய்யவில்லை, அமெரிக்காவில் பழக்கமே அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு வேகமாக ஓடும் வண்டிக்கு உள்ளே இரும்புக் கூண்டு வேண்டும் என்பது என்.ஹெச்.ஆர்.ஏ. விதி. கூண்டு இல்லாததால் அந்த வேகத்தில் ஓட்டக்கூடாது என்று கடிதம் வந்தது. டாட்ஜ் அதையே விளம்பரமாக்கிவிட்டது.

2023-இல் கடைசியாக டீமன் 170. எத்தனால் கலந்த இ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறன், 8.91 வினாடி. சாராயக் கணக்கில் 85 சதவீதம் ஆல்கஹால் என்றால் 170 ப்ரூஃப், பெயர் அங்கிருந்துதான்.

இப்போது யார் ஜெயித்தது?

கடையில் வாங்கிய நிலையில் கால் மைலில் டீமன் 170-ஐப் பெட்ரோல் மஸில் எதுவும் தொடாது. ஆனால் ஒரு வளைவு வந்தால் நான் கமாரோ இசட்எல்1-ஐத்தான் எடுப்பேன். பிறகு 760 குதிரைத்திறனாக ஏறிய ஜிடி500 நடுவில் நிற்கும், இரண்டும் ஓரளவு தெரிந்த பிள்ளை.

சேலஞ்சர் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றுபோனது, கமாரோவும் அதை ஒட்டியே நின்றது. மஸ்டாங் மட்டும் இன்னும் வி8 இன்ஜினோடு கடையில் இருக்கிறது. சண்டையில் கடைசியாக நிற்பவன் ஜெயித்தவன் என்றால் ஃபோர்டு.

எலக்ட்ரிக் வண்டி எல்லாரையும் முந்திவிட்டதே?

முந்திவிட்டது. டெஸ்லா மாடல் எஸ் பிளேய்டுக்கு அந்தக் கம்பெனி சொன்ன கால் மைல் நேரம் 9.23, ஐந்து பேரும் சாமானும் உட்காரலாம். டாட்ஜே 2024-இல் 'சார்ஜர்' என்ற 670 குதிரைத்திறன் எலக்ட்ரிக் கார் விட்டு, ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தம் போட வைத்தது. வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள், பிறகு அதே உடம்பில் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் வந்தது. கடிகாரத்துக்குச் சத்தம் தெரியாது. ஆனால் வேலியோரம் நிற்பவனுக்குத் தெரியும், நான் அங்கேதான் நிற்கிறேன்.

இந்தியாவில் கிடைக்குமா?

மஸ்டாங் மட்டும் அதிகாரபூர்வமாக வந்தது. 2015-இல்தான் ஃபேக்டரியிலேயே வலதுபக்க ஸ்டியரிங் போட ஆரம்பித்தார்கள், மறுவருடமே 5 லிட்டர் வி8 இன்ஜினோடு டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் என்று இங்கே வந்தது. இப்போது இல்லை. சேலஞ்சர் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது தனியாக இறக்குமதி செய்தது.

நண்பர் தன் வண்டியில் 500 குதிரைத்திறன் இருக்கிறது என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

ஸ்லிப்பில் இருக்கும் கடைசி வேகத்தை வாங்குங்கள். அதை 234-ஆல் வகுத்து, வந்த எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடையைப் பவுண்டில் எடுத்து அதோடு பெருக்கினால் ஏறக்குறையக் குதிரைத்திறன் வந்துவிடும். பழைய ரேஸ்காரர்கள் காலம்காலமாகப் போடும் கணக்கு. முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஏமாற்றுவது கஷ்டம்.

ஹெல்கேட்டில் போட்டுப் பாருங்கள்: டாட்ஜ் சொன்ன வேகம் 125 மைல், ஆளோடு எடை சுமார் 4,650 பவுண்டு. கணக்கு 709 என்று வருகிறது, கம்பெனி சொன்னது 707. இந்தத் தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

நண்பரின் வண்டி ஆளோடு 4,000 பவுண்டு, ஸ்லிப்பில் 110 மைல் என்றால் விடை 416. மிச்சம் 84 குதிரை எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கிறது.